லெகோவா? லெகோஸா? ஒரு 'ஸ்'ஸுக்கு எதற்கு இத்தனை சண்டை?



'லெகோ' என்று எழுதுவதா, 'லெகோஸ்' என்று எழுதுவதா? கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் நம்ம துறைக் கண்காட்சிக்கு சார்ட் எழுதியபோது இந்தக் கேள்விக்காக அரைநாள் வாக்குவாதம் நடந்தது! சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து வண்டி, கிரேன், வீடு என்று கட்டுகிற அந்த டென்மார்க் பொம்மைதான். "நிறைய இருந்தா லெகோஸ்தானே?" என்றது ஒரு கோஷ்டி. "லெகோஸ்னு வார்த்தையே கிடையாது. இங்கிலீஷ் தெரியாதவன்தான் அப்படிச் சொல்வான்" என்றது இன்னொரு கோஷ்டி. சார்ட் எழுதிக்கொண்டிருந்த தமிழ் மீடியம் தம்பி ஸ்கெட்ச் பேனாவை மூடி வைத்துவிட்டான். மறுநாள் தான் செய்த கியர் பாக்ஸ் மாடலைப் பற்றி வந்தவர்களிடம் விளக்கவும் அவன் முன்வரவில்லை. வேறொருவன் விளக்கினான். ஒரு 'ஸ்'ஸால் ஒரு நல்ல மாணவனின் வாய் அடைபட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விஷயத்துக்கு வருவோம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1934-ல் தன் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. இன்று நாம் பார்க்கிற, ஒன்றோடொன்று 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும் கட்டைக்கு 1958 ஜனவரி 28-ந் தேதி பேட்டண்ட் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

சரி, பன்மை என்ன? பிரிட்டன்காரர்கள் 'லெகோ' என்பதை மணல், அரிசி மாதிரி எண்ண முடியாத பொருளாக வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு இருந்தாலும் லெகோதான். அமெரிக்கக் குழந்தைகளோ ஒவ்வொரு கட்டையும் ஒரு லெகோ, பல இருந்தால் லெகோஸ் என்றார்கள். கம்பெனி இரண்டையும் ஏற்கவில்லை. லெகோ என்பது அடைமொழி மட்டுமே, பின்னால் 'கட்டைகள்' என்றோ 'பொம்மைகள்' என்றோ சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றது. பழைய அமெரிக்க கேட்டலாக்குகளில், தயவுசெய்து 'லெகோஸ்' என்று சொல்லாதீர்கள் என்று பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டுகோளே அச்சடித்திருந்தது!

ஆக, ஒருவர் சொல்வது பிரிட்டிஷ் வழக்கு. இன்னொருவர் சொல்வது அமெரிக்க வழக்கு. மூன்றாவது, முதலாளியின் விருப்பம். இதில் 'இங்கிலீஷ் தெரியாதவன்' எங்கே வந்தான்?

ஒரு 'ஸ்'ஸைப் பார்த்து அவ்வளவு பெரிய கம்பெனி ஏன் பயப்பட வேண்டும்? காரணம் இலக்கணம் அல்ல, உரிமை! ஒரு பிராண்டு பெயர் எல்லாக் கம்பெனிப் பொருளுக்கும் பொதுப்பெயராகிவிட்டால், அந்தப் பெயரின் மேல் உள்ள தனி உரிமை பறிபோகும். அமெரிக்காவில் அது பலமுறை நடந்திருக்கிறது. 'ஆஸ்பிரின்' 1921-ல் போயிற்று. ஓட்டிஸ் கம்பெனியின் 'எஸ்கலேட்டர்' 1950-ல் போயிற்று. பொம்மை உலகத்திலேயே உதாரணம் வேண்டுமா? நாம் கயிற்றில் சுற்றி விளையாடிய 'யோ-யோ'! டங்கன் கம்பெனி தன் சொந்தப் பெயர் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்தச் சொல்லை, அது பொதுச்சொல்தான் என்று 1965-ல் கோர்ட் சொல்லிவிட்டது.

லெகோவுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். பேட்டண்ட்டுக்கு ஆயுள் குறைவு. அது முடிந்ததும் அதே அளவில், அதோடு பொருந்துகிற கட்டையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கட்டையின் மேலுள்ள குமிழ்களாவது எங்கள் அடையாளச் சின்னம் என்று கனடாவில் வழக்காடிப் பார்த்தார்கள். அந்த வடிவம் வேலைக்காக அமைந்தது, அதை டிரேட்மார்க் ஆக்க முடியாது என்று 2005-ல் கனடா உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. மிஞ்சியது பெயர்தான். அதைக் கட்டிக் காப்பதில் அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் அது அவர்கள் கவலை. காசு கொடுத்து வாங்கி விளையாடுகிறவன் அவர்கள் விளம்பர இலாகாவில் வேலை பார்க்கவில்லையே!

இது தூரத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். "ரெண்டு ஜெராக்ஸ் எடுங்க அண்ணே" என்று நாம் தினமும் சொல்கிறோம். மெஷின் எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, ஜெராக்ஸ்தான்! அந்தப் பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டது, பதிவிலிருந்து நீக்குங்கள் என்ற வழக்கு நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. 2012-ல் வாரியம் நீக்க மறுத்தது. அந்த வாரியமே 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. தீர்ப்பால் ஜெராக்ஸ் கம்பெனியின் உரிமை நிலைத்தது. அதற்காக தாம்பரத்திலோ படப்பையிலோ யாராவது 'ஜெராக்ஸ் மேக் நகல் இரண்டு' என்று கேட்டார்களா? மக்கள் பேச்சு வேறு, ரிஜிஸ்டர் வேறு.

இந்த ஜெராக்ஸ் வாக்கியத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'ரெண்டு ஜெராக்ஸ்' என்றோம். ஜெராக்ஸ்கள் என்றோமா? இல்லை. 'பத்து மாடு', 'நாலு பஸ்' என்பதுபோல, எண் வந்துவிட்டால் பேச்சுத் தமிழுக்குப் பன்மை விகுதி தேவைப்படுவதே இல்லை. மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் ஒன்றுதான், வினைதான் ஒன்றா பலவா என்று காட்டுகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான்! 'பத்து லெகோ' என்று தமிழில் சொன்னால் சண்டைக்கே இடமில்லை. பத்திரிகையில் 'ஆட்டோக்கள்' என்று எழுதுவதுபோல 'லெகோக்கள்' என்று எழுதினாலும் குடி முழுகிவிடாது. (வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்று நாமும் அடித்துக்கொள்கிறோம் என்பதை மறக்கவில்லை!)

இப்படிச் சொல்வதால் பெயர் விஷயத்தில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. டெக்னீஷியன் ஆகப்போகிற நமக்குத் தெரிய வேண்டியது வேறொன்று இருக்கிறது.

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் எங்கே மண் தோண்டினாலும் நாம் என்ன சொல்கிறோம்? டயரில் ஓடினால் 'ஜேசிபி', செயினில் ஓடினால் 'ஹிட்டாச்சி', பேப்பர்காரர்கள் எழுதினால் 'பொக்லைன்'. மூன்றும் கம்பெனிப் பெயர்கள்! ஜேசிபி பிரிட்டிஷ் கம்பெனி, ஹிட்டாச்சி ஜப்பான், பொக்லைன் பிரெஞ்சு. டீக்கடையில் 'ரெண்டு ஜேசிபி நிக்குது' என்றால் எல்லாருக்கும் புரியும், தப்பில்லை. ஆனால் நாளைக்கு ஒரகடத்தில் ஒரு சைட்டில் நின்றுகொண்டு நீங்கள் இண்டெண்ட் எழுதும்போது வெறும் 'ஜேசிபி 2' என்று எழுதினால் போதாது. அந்தக் கம்பெனி செயின் வண்டியும் செய்கிறது. 'பேக்ஹோ லோடர் - 2 நம்பர்' என்று எழுத வேண்டும். மேக் தேவைப்பட்டால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பொருளின் பெயர் எது, கம்பெனியின் பெயர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் நம் படிப்பு. எஸ்டிமேட்டில் பாருங்கள், எண்ணிக்கையை 'நம்பர்' என்ற அலகே சுமந்துகொள்கிறது. 'ஸ்' போட்டதா இல்லையா என்று எந்த இன்ஜினியரும் பில்லை நிறுத்தி வைப்பதில்லை. அளவு தப்பினால் நிறுத்தி வைப்பார்!

இன்னும் ஒரு வேறுபாடு. 'எக்யூப்மெண்ட்', 'இன்ஃபர்மேஷன்' போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்' கிடையாது. ரிப்போர்ட்டில் அப்படி எழுதியிருந்தால் திருத்திக்கொள்வோம், திருத்தியும் கொடுப்போம். 'மச்சி, இதுக்கு ஸ் வராதுடா' என்று காதோடு சொன்னால் முடிந்தது. நாலு பேர் நடுவில் கத்திச் சொல்வதற்குப் பெயர் திருத்தம் அல்ல, அவமானப்படுத்துவது.

தோழர்களே! நம்மில் பலர் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். வைவாவிலும் இன்டர்வியூவிலும் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு இல்லாதது சப்ஜெக்ட் அறிவு அல்ல. எங்கே தப்பாகிவிடுமோ, எவன் சிரிப்பானோ என்ற பயம்! அந்தப் பயத்தை வளர்ப்பது வெளியாட்கள் அல்ல, பெரும்பாலும் பக்கத்து பெஞ்சில் இருக்கும் நாம்தான்.

எனவே யூனியன் நண்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த கண்காட்சியில் மாடலைச் செய்தவரே அதை விளக்க வேண்டும், தமிழோ ஆங்கிலமோ கலந்தோ, அவர் விருப்பப்படி பேசலாம் என்று ஒரு விதி போடுங்கள். கேள்வி கேட்கிறவர்கள் கியர் ரேஷியோவைக் கேளுங்கள். பற்கள் எத்தனை என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கை தப்பினால்தான் வண்டி ஓடாது.