ஜூலையில் நட்ட கண்டல் மாரியில் எங்கே?



கோமாரிக் களப்புக் கரையில் இரண்டு வருடங்களுக்கு முன் நட்ட கண்டல் கன்றுகளில் இன்று மிஞ்சி நிற்பவை, கன்றுகளைக் கட்டிவைத்த கம்புகள்தான். நீர்க்காகங்கள் அவற்றின் மேல் இருந்து சிறகு உலர்த்துகின்றன. நட்டது ஒரு ஜூலை மாதக் காலையில். இரண்டு பஸ்களில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்தார்கள். தொப்பி, சிற்றுண்டிப் பொதி, பதாகைக்கு முன்னால் ஒரு படம். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யார் நடத்தியது என்று எழுதி ஒரு தரப்பை மட்டும் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. இந்தக் கரைக்கு இது பழகிப்போன காட்சி.

தோணியடியில் நின்ற ஒரு பெரியவர் அன்றே கேட்டார்: "தம்பி, மாரிக்கு இதில நெஞ்சு மட்டுக்குத் தண்ணி நிக்குமே, இதிலயா நடுறீங்க?" கேள்வி போய்ச் சேர்ந்த தம்பி சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கன்றை எடுத்தார்.

ஜூலை 26ஐக் கண்டல் காடுகளுக்கான சர்வதேச தினமாக யுனெஸ்கோ 2015இல் அறிவித்தது. நல்லது. ஆனால் ஜூலை என்பது எங்களுக்குக் கச்சான் காற்று அடிக்கும் காலம். களப்பின் வாயான ஆற்றுவாயை மணல் மூடிக் கிடக்கும். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும். வெளியூரில் இருந்து வருபவருக்கு அந்தச் சேறுதான் கன்று நடத் தோதான இடமாகப் படும். மாரி பிறந்ததும் ஆற்றுத் தண்ணீரும் வயல் வடிச்சலும் வந்து களப்பை நிரப்பும். ஆற்றுவாய் தானாக உடையும்வரை, அல்லது வெட்டப்படும்வரை, தண்ணீர் கிழமைக்கணக்கில் இறங்காது. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, ஆகவே வாய் திறக்காமல் வழியில்லை. கண்டலுக்கு வேர் மூச்சு விட வேண்டும். முழங்கால் உயரக் கன்று முழுதாக மூழ்கி இத்தனை நாள் கிடந்தால் பிழைக்காது. வெட்டும் நாளைப் பற்றி வருடாவருடம் இழுபறி வேறு: வயற்காரர் சீக்கிரம் வெட்டு என்பார், இறாலை நம்பியிருப்பவர் கொஞ்சம் பொறு என்பார். அந்தப் பேச்சில் கன்றுக்காக வாய் திறக்க ஒருவரும் இல்லை.

இது கோமாரியின் கதை மட்டும் அல்ல. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையெங்கும் கண்டல் நட்ட 23 இடங்களை ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, முடிவை 2017இல் வெளியிட்டார்கள். மீளுருவாக்கத்துக்கென எடுத்த நிலம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் பராமரிப்பு இல்லாமை, கால்நடை மேய்தல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டிருந்தன. தோணியடிப் பெரியவர் ஆய்வு எதுவும் படித்தவர் அல்லர்.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டல் என்ற பொதுப் பெயருக்குள் கண்ணா, கிண்ணை, தில்லை என்று பல மரங்கள் இருக்கின்றன. உப்பும் ஈரமும் மாறமாற மரமும் மாறும். திட்டக்காரர்கள் பெரும்பாலும் நடுவது அதே பெயர்கொண்ட கண்டல் மரம் ஒன்றைத்தான். முருங்கைக்காய் போலத் தொங்கும் அதன் முளைவித்தைப் பொறுக்கிச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, எண்ணிக்கையும் ஏறும். கண்டலைக் கண்ட இடத்தில் எல்லாம் நட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒலுவில் துறைமுகம் கட்டியபின் அரித்துப்போகும் கரைக்குக் கண்டல் நடலாமே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அலை நேரே அடிக்கும் மணற்கரையில் கண்டல் நிற்காது.

தமிழ்நாட்டில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்ததை இங்கே ஏன் பார்க்கக் கூடாது? பழைய நாட்களில் மொட்டையடித்து வெட்டப்பட்ட காட்டு நிலம் பள்ளமாகித் தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறிக் கிடந்தது. அவர்கள் முதலில் தொட்டது கன்றை அல்ல, தண்ணீரை. மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டிக் கடல்நீர் வந்துபோக வழி விட்டார்கள். பிறகுதான் நடுகை. வனத்துறையோடு பக்கத்துக் கிராமத்தவரும் திட்டத்தின் பங்காளிகள். கால்வாயில் வண்டல் சேர்ந்தால் திரும்பத் தூர்வார வேண்டும். ஊர் துணை நிற்காவிட்டால் அதைச் செய்வது யார்?

எங்கள் நாட்டிலும் நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. 2015இல் சுதீச அமைப்பும் அமெரிக்காவின் சீகொலொஜி அமைப்பும் தொடங்கிய திட்டத்தில், கண்டலைக் காக்க முன்வரும் கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் என்று ஏற்பாடு இருந்தது. பொத்துவில் களப்பில் மீனவர்கள் வெளிநாட்டாரைத் தோணியில் ஏற்றிக் கண்டல் காட்டி நாலு காசு பார்க்கிறார்கள். அந்த மரத்தை யாராவது வெட்டப் போனால் முதலில் மறிப்பவர் அந்தத் தோணிக்காரராகத்தான் இருப்பார்.

2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக ஐ.நா. தெரிவு செய்தது. 2030க்குள் 10,000 ஹெக்டேயர் என்பது இலக்கு. அந்தப் பத்தாயிரத்தை எப்படி எண்ணப்போகிறார்கள் என்பதே என் கேள்வி. நட்ட அன்று எண்ணினால் கோமாரிக் கம்புகளும் கணக்கில் சேர்ந்துவிடும். மூன்று மாரி கழித்து எண்ணட்டும். நடுகைக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது அந்த மூன்று வருடப் பராமரிப்புக்கு வைக்கட்டும். மாடு புகாமல் வேலி அடைக்கவும், செத்த இடத்தில் மறுகன்று வைக்கவும் மீனவர் சங்கத்துக்கும் மாதர் சங்கத்துக்கும் கூலி கொடுக்கட்டும். சிரமதானம் என்று கூப்பிட்டால் வருவோம். ஆனால் மூன்று வருடம் சும்மா வர எங்கள் வீட்டு அடுப்பு விடாது. ஆற்றுவாய் வெட்டும் கூட்டத்தில் வன அதிகாரிக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

கண்டல் இருந்திருந்தால் 2004இல் எங்கள் சனம் பிழைத்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. அந்தத் துயரத்தைக் காட்டித்தான் இருபது வருடமாக இங்கே கன்று நடுகிறார்கள். கண்டல் வேருக்குள் இறால் குஞ்சும் நண்டும் கொடுவாக் குஞ்சும் வளர்ந்தால் போதும், அது எங்கள் உலைக்கு.

வருகிற மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும்போது அதிகாரிகள் ஒரு நாள் வரட்டும், தோணி நாங்கள் தருகிறோம். எந்தக் கரை எத்தனை நாள் மூழ்கும், எங்கே பழைய கண்ணா தானாக முளைத்து வருகிறது என்று காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பஸ் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோமாரி.