பழைய விதிகள் புனிதமானவை அல்ல

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நீர்த்துப்போய்விட்டது, இப்போது யாரும் சாவதில்லை, எல்லாம் கதையாகிவிட்டது" என்ற பழைய ஆட்டக்காரர்களின் புலம்பலை ஏற்க முடியாது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்தப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்துக்காகக் கொண்டுவந்த மூன்று சிறு புத்தகங்களே மரபை மீறியவைதாம். அதுவரை பொம்மைப் படைகளை நகர்த்தியவரை ஒற்றை வீரனாக்கின. கதையும் நேற்று நுழைந்ததல்ல. 1984இல் டிராகன்லான்ஸ் என்ற சாகசத் தொடர் வந்தபோதே நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அன்று சாவு எளிது, உண்மைதான். உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் ஆள் காலி. 2014இன் ஐந்தாம் பதிப்பு பகடை உருட்டிப் பிழைக்க வழி தருகிறது. மூன்று முறை தோற்றால் இன்றும் சாவுதான்.

இந்தப் புலம்பல் மறைக்கும் ஒன்று உண்டு. 1978இன் ஆட்டக்காரர் கையேடு, பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு விதித்தது. டிராகன் பறக்கும் உலகில் பெண்ணின் கைக்கு மட்டும் வரம்பு வைத்தது அநியாயம். 1989இல் இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது. அதுவும் நீர்த்துப்போனதா?

பழைய விதிகளில் ஆட விரும்புவோர் தாராளமாக ஆடுங்கள். புதிதாக மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் மட்டும் 'இது உண்மையான ஆட்டமல்ல' என்று சொல்லாதீர்கள்.