தொங்கும் ஏரியாவுக்கு விர்ச்சுவல் லிங்க் போதுமா?

ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ள உதவும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில், பெரிய நெட்வொர்க்கை ஏரியாக்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: மற்ற எல்லா ஏரியாக்களும் ஏரியா 0-ஐத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நிறுவனம் சிறியதாக இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. தலைமை அலுவலகம் ஏரியா 0, கிளை அலுவலகம் ஏரியா 1. பிறகு கிளைக்கு அப்பால் ஒரு குடோன் திறக்கிறார்கள். அதன் லைன் கிளை அலுவலகம் வரைதான் வருகிறது. அதற்கு ஏரியா 2 என்று எண் கொடுத்ததும் சிக்கல் ஆரம்பம். பக்கத்து ரவுட்டர்கள் இணைந்துவிட்டதாகத் திரை காட்டும். ஆனால் குடோனின் பாதைகள் தலைமை அலுவலகத்துக்கு வந்து சேராது.

இது வெறும் பிடிவாதம் அல்ல. ஏரியாவுக்குள் ஒவ்வொரு ரவுட்டரிடமும் முழு வரைபடம் இருக்கிறது. எல்லையைத் தாண்டி வரைபடம் போவதில்லை. "இந்த முகவரிக்கு என் வழியாகப் போகலாம், செலவு இவ்வளவு" என்ற சுருக்கம் மட்டுமே போகும். காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும் முறை இது. சொன்னவரிடமே செய்தி சுற்றி வந்தால் பாக்கெட்டுகள் வட்டமடிக்கத் தொடங்கும். எல்லாச் சுருக்கங்களும் ஏரியா 0 வழியாகத்தான் போகவேண்டும் என்றால் அந்த வட்டம் உருவாகாது.

ஜான் மோய் எழுதி 1998-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 2328 இதற்கு ஒரு குறுக்குவழியும் தருகிறது: விர்ச்சுவல் லிங்க். ஏரியா 1-ன் ஊடாக, ஏரியா 0-ஐக் கண்ணுக்குத் தெரியாமல் நீட்டும் கம்பி. இரு முனையிலும் ஒவ்வொரு வரி, வேலை முடிந்தது. இந்தச் சுலபம்தான் வினை. பின்னொரு நாள் ஏரியா 0-க்கு பாஸ்வேர்ட் போடுகிறார்கள். இந்தக் கம்பியும் ஏரியா 0-க்குச் சொந்தம்; ஆனால் கிளையின் கடைசி ரவுட்டரில் ஏரியா 0-ன் நிஜமான போர்ட் எதுவும் இல்லாததால், அங்கேயும் போடவேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது. குடோன் துண்டிக்கப்படும். முனைகளை அடையாளம் காட்டுவது ரவுட்டர் ஐடி. அதை நிலையாக அமைக்காவிட்டால் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே மாறி, இணைப்பு அறுந்துபோகலாம். ஏரியா 1-ஐ ஸ்டப் ஆக்கி ரவுட்டிங் டேபிளைச் சுருக்கவும் வழியில்லை. குடோனுக்கு அப்பால் ஏரியா 3 வந்தால்? இன்னொரு விர்ச்சுவல் லிங்க், முதலாவதன் தோளில் ஏறி.

அந்தக் குடோனுக்குத் தனி ஏரியா எதற்கு? ஏரியா 1-லேயே சேர்த்துவிடலாம். ஓர் ஏரியாவில் 50 ரவுட்டர்களுக்கு மேல் வேண்டாம் என்ற அறிவுரை, பழைய ரவுட்டர்களின் மெமரியையும் வேகத்தையும் பார்த்துச் சொன்னது. இன்றைய ரவுட்டர்களுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தாலும் பெரிய பாரமில்லை. தனியாகப் பிரித்தே ஆகவேண்டுமென்றால், தலைமை அலுவலகத்திலிருந்து குடோன் லைன் வந்து சேரும் ரவுட்டர் வரை உள்ள இணைப்புகளை ஏரியா 0-க்கு மாற்றுவதே நேர்மையான வழி. அதற்காக ஓர் இரவு சற்று நேரம் இணைப்பு போகும், போகட்டும். (ஐ.எஸ்.-ஐ.எஸ். நெறிமுறையில் முதுகெலும்பு என்பது லெவல் 2 ரவுட்டர்களின் தொடர்ச்சி மட்டுமே என்பதால், நீட்டுவது இன்னும் எளிது.)

விர்ச்சுவல் லிங்க்குக்கு வேலையே இல்லை என்பதல்ல. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது, நேரடி லைன் வந்து சேரும் வரை சில வாரங்களுக்கு அது கைகொடுக்கும். போடும்போதே எடுக்கும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.