மறுப்புக் கடிதமும் ஒரு பாடமே

வேதாரண்யத்துப் பனங்காடுகளின் ஓரம் நுங்கு வண்டி ஓட்டாத சிறுவர் உண்டோ? அவ்வண்டிக்கு ஒரு பலகை சேர்த்து, பலகைக்கும் அச்சுக்கும் இடையே பேனாவின் சுருள்வில்களைப் பொருத்துங்கள், குலுக்கல் குறையும். இதற்குக் காப்புரிமை கேட்டுச் சென்னை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால்? மறுப்பே வரும். அது நியாயமானது என்பதே என் கருத்து.

ஏன்? 1959லேயே பிரிட்டனின் கோர்கி பொம்மைக் கார்களில் வில் அமைப்பு வந்துவிட்டது. 1968ல் அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் கார்களில் மெல்லிய கம்பி அச்சே வில்லாகவும் வேலை செய்தது. தெரிந்த கருவிகள் தத்தம் பழைய வேலையைத் தனித்தனியே செய்யுமாறு அடுக்குவது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்கிறது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். பாத்திரம் கடையும் கருவி பற்றிய வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றமும், வெறும் பட்டறைத் திருத்தம் போதாது என்றது. காப்புரிமை 20 ஆண்டு நீடிக்கும். எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவருக்கே எழுதிக் கொடுத்தால், பொம்மை செய்து பிழைக்கும் மற்றவர் கதி என்ன?

ஆயினும் ஆய்வாளரின் முதல் அறிக்கை முடிவான தீர்ப்பு அன்று. பதில் சொல்ல வாய்ப்புண்டு. ஆகவே சோதனை செய்யுங்கள். பலகையில் நீர் நிறைந்த குவளையை வைத்து, ஒரே மேடுபள்ளப் பாதையில், ஒரே வேகத்தில், பழைய அமைப்பையும் உங்கள் அமைப்பையும் இழுத்துப் பாருங்கள். சிந்திய நீரை அளந்து எழுதுங்கள். பழைய வண்டிகளில் இல்லாத எந்த உறுப்பு அந்த வேறுபாட்டைத் தந்தது? இதற்கு விடை கிடைத்தால் அதுவே உங்கள் கண்டுபிடிப்பு. கிடைக்காவிட்டால், மறுபடியும் பட்டறைக்குச் செல்லுங்கள்!