ஒரு மத்தாப்புக்காக முழுப் புல்லையும் வீசலாமா?

சிங்கப்பூரில் 1972 முதல் பட்டாசுக்குத் தடை. அதனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் தேக்காவில் வாங்கும் கம்பி மத்தாப்புதான். ஆனால் முற்றத்திலோ பால்கனியிலோ செயற்கைப் புல் விரித்திருக்கும் வீடுகளில், மறுநாள் காலை பச்சைக்கு நடுவே ஒரு கறுப்புத் திட்டு தெரியும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். உருகிக் கெட்டியாகி, பிள்ளைகளின் வெறுங்காலைக் குத்தும்.

செயற்கைப் புல்லின் இழைகள் பெரும்பாலும் பாலிஎதிலின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறக்குறைய 110 முதல் 130 டிகிரி செல்சியசில் அது உருகிவிடும். மத்தாப்பின் சூடோ ஆயிரம் டிகிரியைத் தொடும். பொங்கல் அடுப்பிலிருந்து விழும் கங்கும் சாம்பிராணிக் கரியும் இதே வேலையைச் செய்யும்.

என் அக்காவின் தரைவீட்டிலும் இப்படித்தான் நடந்தது. பார்க்க வந்த குத்தகைக்காரர், ஒட்டுப் போட்டால் அசிங்கமாகத் தெரியும், மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றார். "ஒரு சனிக்கிழமை மட்டும் குடுங்க அத்தான், நாமளே செஞ்சு பார்ப்போம்" என்றேன். வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் வேலை அவ்வளவு கடினமில்லை.

முதலில், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். ஒட்டும் துண்டும் அதே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திசை மாறினால் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, ஒட்டு பளிச்சென்று தெரியும்.

அடுத்து, ஓரத்திலிருந்து புல் விரிப்பைத் தூக்கி, பின்பக்கம் திருப்பி வெட்டுங்கள். பின்னால் வரிசை வரிசையாகத் தையல் தெரியும். இரண்டு வரிசைகளுக்கு இடையே கத்தியை ஓட்டி, கெட்ட பகுதியைச் சதுரமாக எடுத்துவிடுங்கள். தையலை அறுத்தால் நல்ல இழைகளும் கழன்றுவிடும்.

மாற்றுத் துண்டு எங்கே கிடைக்கும்? புதிதாக வாங்கினால் நிறம் சேராது. வெயிலில் பழைய புல் வெளுத்திருக்கும். பூந்தொட்டிக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்கு அருகில் என்று கண்ணில் படாத ஒரு மூலையிலிருந்து அதே அளவு துண்டை வெட்டி எடுங்கள். அதுவும் முடிந்தவரை வெயில் பட்ட மூலையாக இருக்கட்டும். புதுத் துண்டு அந்த மூலைக்குப் போகட்டும்.

இணைப்பு நாடாவை ஓட்டையின் ஓரங்களுக்கு அடியில் செருகி, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பாலியூரித்தேன் பசையைத் தடவி, துண்டைப் பொருத்துங்கள். ஜாலான் புசார் பக்கம் உள்ள ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பசை இழையில் படக்கூடாது. மேலே அரிசி மூட்டையையோ செங்கல்லையோ வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு இழைகளைக் கோதிவிட்டு, சிலிக்கா மணலைக் கொஞ்சம் தூவி, நைலான் தூரிகையால் எதிர்ப்பக்கமாகத் தேயுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், இழை அறுந்துவிடும்.

தீப்பொறியே படாமல் ஒரே இடம் திரும்பத் திரும்ப உருகுகிறதா? எதிரே இருக்கும் சன்னலைப் பாருங்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி, வெயிலை ஒரே இடத்தில் குவித்துவிடும். நிழலுக்கு வழி செய்யாமல் ஒட்டுப் போடுவது வீண்.

மழைக்குப் பிறகு ஒரு பகுதி மட்டும் சதசதவென்று இருந்தால் அடித்தரை இறங்கியிருக்கும். விரிப்பைத் தூக்கி, மணல் போட்டுச் சமன் செய்யுங்கள். பால்கனி என்றால் தண்ணீர் போகும் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அளவு தண்ணீர் போதும்; ஒரு வாரத்தில் கொசு பறக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் மொத்தமாக மாற்றிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே நாம் வீசும் குப்பை பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. சாம்பல் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 1999ல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. உள்ளங்கை அளவுத் திட்டுக்காக ஒரு முற்றம் நிறைய பிளாஸ்டிக்கை அங்கே அனுப்ப வேண்டுமா?

அதற்காக, எந்தப் புல்லையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதும் சரியாகாது. இழைகளை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஒவ்வொரு மழையிலும் அந்தப் பிளாஸ்டிக் தூள் வடிகாலுக்குப் போகும். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ரோச்சோர் கால்வாயின் நீர் மரினா நீர்த்தேக்கத்தில்தான் சேர்கிறது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே வருகிறது. அதைச் சுத்திகரித்துத்தான் நாம் குடிக்கிறோம். அப்படிப்பட்ட புல்லை மழை இல்லாத நாளில் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

அக்கா வீட்டு ஒட்டு எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அத்தான் இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டார். மத்தாப்பு கொளுத்தும் இடம் இனி சிமெண்டுத் தரை மட்டும். அருகில் ஒரு வாளித் தண்ணீர். எரிந்து முடிந்த கம்பி நேராக அதற்குள் போக வேண்டும். பொங்கல் பானைக்கும் அதே சிமெண்டுத் தரைதான். உங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் இருந்தால், மேலே சொன்ன வேலை எதுவும் தேவைப்படாமலே போகலாம்.