பொழுதை விற்று வாழ்வதா?

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார் தொல்காப்பியர். மரம், பறவை, தெய்வம், தொழில் ஆகியன கருப்பொருள். கூடலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள். இவ்வரிசையைப் பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தோம், தேர்வில் எழுதினோம், பின்னர் மறந்தோம். தொழிலை அவர் கருப்பொருளில் வைத்தாரேயன்றி முதற்பொருளில் வைக்கவில்லை என்பதை அன்று எண்ணிப் பார்த்தோமில்லை. பெங்களூரில் குடியேறி வாழும் நமக்கு இன்று அவ்வரிசை தலைகீழாகிவிட்டது. தொழில் முதற்பொருளாகிவிட்டது, நிலமும் பொழுதும் அதற்கு ஏவல் செய்கின்றன.

நிலத்தை இழந்தோம் என்று நாம் அடிக்கடி வருந்துகிறோம். காவிரிக்கரையும் தென்னந்தோப்பும் வயல்வரப்பும் போயினவே என்கிறோம். இவ்வருத்தத்தில் பாதி உண்மை, பாதி சாக்கு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் 240 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. அதனுள் இருக்கும் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு என்பர் நிலவியலார். 1870-இல் அமைந்த கப்பன் பூங்கா நகரின் நடுவே நிழல் பரப்பி நிற்கிறது. நம் தமிழ்ச்சங்கத்தின் அருகிலேயே அல்சூர் ஏரி. தெற்கே பன்னர்கட்டாக் காடு. வடக்கே நந்தி மலை. காவிரியே வேண்டுமெனில் ஸ்ரீரங்கப்பட்டினம் காலையில் சென்று மாலையில் மீளக்கூடிய தொலைவில்தான் உள்ளது. நெய்தலைத் தவிர வேறெந்தத் திணைக்கும் இங்குக் குறைவில்லை. ஆகவே நாம் இழந்தது நிலமன்று, பொழுது.

அதிலும் குறிப்பாக எப்பொழுது? மாலைப்பொழுது. முல்லைக்கு உரிய சிறுபொழுது மாலை என்பதை அறிவோம். கன்றை நினைந்து ஆக்கள் வீடு திரும்பும் நேரம் அது. வினை முற்றிய தலைவன் தேரை விரைந்து செலுத்து என்று பாகனை ஏவும் நேரமும் அதுவே. அமெரிக்கக் கீழைக் கடற்கரையில் காலை 9 மணி அடிக்கும்போது இங்கே மாலை 6.30, அவர்களுக்குக் குளிர்காலமாயின் 7.30. அவர்களுடைய வைகறையை வாழவைக்க நம்முடைய மாலையைக் கொடுக்கிறோம். சங்கத் தலைவனின் வினைக்கு ஒரு முடிவு இருந்தது. கார்காலம் வருமுன் மீள்வேன் என்று அவனால் சொல் கொடுக்க முடிந்தது. நம் வினை முற்றுவதேயில்லை. பொருள்வயின் பிரிந்தவன் அன்று பாலையைக் கடந்து போனான். இன்றைய தலைவன் கூடத்து நாற்காலியில் அமர்ந்தவாறே பிரிந்திருக்கிறான். தலைவியும் அடுத்த அறையில் வேறொரு மடிக்கணினியின் முன் பிரிந்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு வாய்த்தது பாலைத்திணை.

கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு காணும் பொங்கலன்று நாங்கள் நான்கு குடும்பத்தார் நகருக்கு வெளியே ஓர் ஏரிக்கரைக்குச் சென்றோம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துப் போயிருந்தோம். புங்கமர நிழலில் இலை போடும் நேரத்தில் எங்களுள் ஒருவருக்குக் கைப்பேசி அழைப்பு வந்தது. ஐந்து நிமிடம் என்று சொல்லி எழுந்தார். காரிலிருந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கரையோரத்துக் கல்லில் அமர்ந்தார். ஐந்து நிமிடம் ஒன்றரை மணியாயிற்று. அவருடைய எட்டு வயது மகள் அப்பாவுக்கென்று ஒரு பங்கு எடுத்து இலையால் மூடி வைத்துக் காத்திருந்தாள். அவர் வந்தார், உண்டார், பொழுதும் சாய்ந்தது. திரும்பும் வழியில் அக்குழந்தை கேட்டாள்: “நீங்களும் எங்களோட வந்திருக்கலாமேப்பா?”

குற்றம் சாட்டிய குரல் அன்று அது. மெய்யாகவே அவர் வரவில்லை என்று அவள் எண்ணிவிட்டாள். அன்று அழைத்த மேலாளர் அயல்நாட்டார் அல்லர், நம்மவரே. சென்னை மெரினாவில் தம் மக்களோடு காணும் பொங்கலுக்கு நின்றபடியே அழைத்தார் என்பது பின்னர் தெரிந்தது. இரு குடும்பங்களின் திருநாள் ஓர் அழைப்பில் போயிற்று. நாம் யாரைக் குறை சொல்வது?

இதற்கு மறுப்பொன்று உண்டு. “கருவி கையில் இருந்ததால்தானே அவர் ஏரிக்கரைக்கு வர முடிந்தது? இல்லையேல் அலுவலகத்தில் அல்லவா இருந்திருப்பார்?” என்பர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. 2020-இல் ஊரே அடைபட்டபோது இக்கருவிகளே நம் அடுப்பை எரியவைத்தன. ஊரில் தாய் நோயுற்றால் அவர் கட்டிலருகே இருந்தபடியே வேலை பார்க்கிறோம். தொழில்நுட்பம் நம் சோறு. அதைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும் கேட்கிறோம்: அன்று அவர் ஏரிக்கரைக்கு வந்தாரா, அலுவலகம் வந்ததா? எங்கும் வேலை செய்யலாம் என்ற வசதி, எங்கும் வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டளையாக மாறிய நாளை நாம் கவனிக்கத் தவறினோம். அக்கட்டளையைப் பல வேளைகளில் எவரும் இடவில்லை. நாமே நமக்கு இட்டுக்கொண்டோம்.

பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை என்று கடிந்துகொள்கிறோம். யாரிடம் கற்றார்கள்? வெளியிற் கழியும் பொழுது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கும் அன்று. சீனத்தின் குவாங்சோ நகரத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக மாணவரை வெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டு முடிவில் மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, இப்பள்ளிகளில் 30.4 விழுக்காடுதான். இந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வெயிலுக்கு விலையில்லை, அழைத்துச் செல்லும் நமக்குத்தான் நேரமில்லை.

ஓய்வு நமக்கு இனாமாக வந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர் லோகண்டேயின் தலைமையில் போராடி 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றனர். இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் 1923-இல் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. 2023-இல் 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றும், 2025-இல் 90 மணி என்றும் தொழிலதிபர் சிலர் பேசியபோது நாம் என்ன செய்தோம்? கைப்பேசியில் நகைச்சுவைத் துணுக்குகளைப் பரிமாறிக்கொண்டோம். இரவு கூட்டத்திற்கு நேரமானதும் அமர்ந்துவிட்டோம். பணிநேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017-இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாடாளுமன்றத்தில் அது தனிநபர் மசோதாவாக வந்ததேயன்றிச் சட்டமாகவில்லை.

வெளியே செல்வோம் என்று சொல்லும்போது இரண்டு மறவாதிருத்தல் வேண்டும். ஒன்று, கட்டுச்சோறு தானே கட்டிக்கொள்வதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிண்டும் பெண்ணுக்கு அந்நாள் விடுமுறை ஆகாது, ஆடவரும் எழட்டும். மற்றொன்று, இந்நகரில் கட்டடம் எழுப்பியும் தெருவைத் துப்புரவு செய்தும் வாழும் தமிழர் பலர் உள்ளனர். அவர்களுக்கு வெட்டவெளியே பணியிடம். அவர்கள் குடும்பத்தோடு நிழலில் அமரும் ஒரு பொழுதையும் சேர்த்துக் கேட்பதே நேர்மை.

நம் முன்னோர் வெளியே செல்வதை விருப்பத்திற்கு விடவில்லை. நாள் குறித்து வைத்தனர். ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரை. காணும் பொங்கலில் உறவும் ஊரும். முழுமதி நாளில் முற்றத்து நிலாச்சோறு. வேலை முடிந்து மிஞ்சினால் போகலாம் என்று அவர்கள் காத்திருந்திருப்பின் ஒருநாளும் போயிரார். இந்நாள்கள் இங்கு அரசு விடுமுறை அல்ல. ஆதலால் நாமே குறித்தாக வேண்டும். சங்கம் மாதம் ஒரு ஞாயிறை இதற்கென ஒதுக்கட்டும். கைப்பேசிகள் ஒரே பையில் இருக்கட்டும். அவசரத்திற்கு ஒருவர் மட்டும் முறைவைத்து ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். நம்முள் மேலாளராக இருப்போர், தமக்குக் கீழுள்ளவரை அந்நாளில் அழையாதிருக்க உறுதி கொள்ளட்டும். சட்டம் வரும்வரை காத்திராமல் நாளையே செய்யத்தக்கது இது.

வரும் ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கப்பட்டினத்துக் காவிரிக்குச் செல்வோம். விடுப்பு வேண்டுமென்று இன்றே எழுதிக் கொடுப்போம். அந்தக் குழந்தையின் தந்தை தம் பெயரை முதலில் கொடுத்துவிட்டார்.