ஐந்து கிலோ அதிசயம்

2024 அக்டோபர் 14-ந் தேதி சாயங்காலம். பட்டணம் முழுவதும் ஒரே பேச்சு: 'மழை வருகிறது, பெருமழை வருகிறது!' வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசை வரிசையாக ஏறி நின்றுகொண்டிருந்தன. 2015 டிசம்பரில் பட்ட அடியை யாரால் மறக்க முடியும்? காரியாலயத்திலிருந்து கிளம்பலாம் என்று குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. அடையாற்றங்கரையோரம் குடியிருக்கும் என் சித்தி!

"ஏண்டி, நீ பத்திரிகைக்காரிதானே! ஊரிலே எல்லாரும் காரைப் பாலத்து மேலே கொண்டு போய் நிறுத்தறா. நம்மாத்து மகாராஜா அசைய மாட்டேங்கறார். சாவியைத் திருப்பினா 'கிணுக்'குன்னு ஒரு சத்தம் கூட இல்லை. உன் தம்பியோ பம்பாயிலே உட்கார்ந்திண்டிருக்கான். என்ன பண்ணறது, சொல்லு!"

மகாராஜா என்றது சித்தி பிள்ளையின் காரை. சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். வயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். பழைய வண்டிதான், ஆனால் அவனுக்கு அது உயிர். சித்தப்பா வாலிபத்தில் சோழவரம் பந்தயங்களுக்குத் தவறாமல் போனவர். பிள்ளைக்கு அது ரத்தத்தில் வந்த வியாதி என்பாள் சித்தி. போதாக்குறைக்கு, அந்த வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதியும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் தெருப் பந்தயம் நடந்ததே, அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே ஜபம்: 'எடையைக் குறைக்க வேண்டும்!'

தன் எடையை அல்ல, காரின் எடையை.

அதற்காக 16 கிலோ ஈய பாட்டரியைக் கழற்றிவிட்டு 5 கிலோ லித்தியம் பாட்டரியை மாட்டினான். விலை, பழையதைப் போல் ஐந்து மடங்கு! "அக்கா, காஸ் ஸிலிண்டரில் இருக்கிற காஸே 14.2 கிலோதான். அதில் முக்கால்வாசி எடையை ஒரே மத்தியானத்தில் இறக்கிவிட்டேன்" என்று என்னிடம் பெருமை அடித்துக்கொண்டான்.

இதை வெறும் பைத்தியம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனியே 2009 கடைசியில் தன் பந்தய ரகக் கார்கள் சிலவற்றுக்கு இப்படி ஒரு லித்தியம் பாட்டரி தருவதாக அறிவித்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு; வழக்கமான ஈய பாட்டரியைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் லேசு. ஆனால் அந்தக் கம்பெனி ஒரு சாமர்த்தியமும் செய்தது. கூடவே சாதாரண பாட்டரி ஒன்றையும் கொடுத்து, 'கடுங்குளிர் வந்தால் இதை மாட்டிக்கொள்ளுங்கள்' என்றது. குளிரில் லித்தியம் மந்தமாகிவிடும். நம் ஊரில் மார்கழியில் கூட அந்தக் கவலை இல்லை. நமக்கு வேறு கவலைகள்.

சரி, அன்று சாயங்காலத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டுக்காரர் தம் காரிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பலாம் என்றார். தம்பி பம்பாயிலிருந்து, "வேண்டவே வேண்டாம், வேண்டவே வேண்டாம்!" என்று டெலிபோனில் அலறினான். கடைசியில் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், மாடி வீட்டுக் கல்லூரிப் பையன்கள் இருவர், ஸ்டியரிங்கில் நான். மகாராஜாவைத் தள்ளிக்கொண்டே போய்த் தெருவின் மேட்டுப் பக்கத்தில் சேர்த்தோம். சித்தி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். குடை எங்களுக்கல்ல, காருக்கு! மறுநாள் மழை நன்றாகவே பெய்தது. 16-ந் தேதிக்குச் சொன்ன பெருமழையோ நகரத்தை விட்டு விலகிப் போயிற்று. தப்பித்தோம்.

ஒரு மாதம் கூட ஓடாத புது பாட்டரி ஏன் செத்தது? கடைக்காரரைக் கேட்டதற்கு, "பாட்டரியைப் பட்டினி போட்டது நீங்கள், காரண்டி கிடையாது" என்றுவிட்டார். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மின்சார எஞ்சினீயர் மாமா ஒருவர் உண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாட்டரியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

கொட்டை எழுத்தில் '60 ஆம்பியர்-மணி' என்று இருந்தது. பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'பி.பி. ஈ.க்யூ.' அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'ஈயத்துக்குச் சமானம்' என்று அர்த்தம்! அதாவது, காரைக் கிளப்புகிற வேகத்தில் இது 60 ஆம்பியர்-மணி ஈய பாட்டரிக்கு ஈடு. அது பொய்யில்லை. ஆனால் உள்ளே சேமித்து வைத்திருக்கும் சரக்கு 20 ஆம்பியர்-மணிதான். படி அரிசி பிடிக்கும் என்று நினைத்து வாங்கிய பாத்திரம் உழக்கரிசிக்கு மேல் சிறிதுதான் கொள்ளும் என்று வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால் எப்படி இருக்கும்?

"உங்கள் கார் தூங்குவதாக நினைக்கிறீர்கள். அது தூங்குவதில்லை" என்றார் மாமா. கடிகாரம், திருட்டு மணி, சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் கருவி எல்லாமாகச் சேர்ந்து இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அளந்து பார்த்தார்: 40 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஓர் ஆம்பியர்-மணி. தம்பி போய் 22 நாள் ஆயிற்று. இருந்ததோ 20. பழைய ஈய பாட்டரியாக இருந்தால் இன்னும் 38 மிச்சம் இருந்திருக்கும், முனகிக்கொண்டாவது கிளம்பியிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். ஈய பாட்டரி சாகுமுன் விளக்கு மங்கும், ஹாரன் கம்மும், நாலு நாள் முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் அப்படியல்ல. கிட்டத்தட்ட கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே காட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று விழும். அப்போது உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் கதவைச் சாத்திக்கொள்ளும். வெளியே அளந்தால் பூஜ்யம்! அந்த நிலையில் இன்னொரு காரை இணைத்து முரட்டுத்தனமாக ஏற்றக் கூடாது. தம்பி அலறியது சரிதான். லித்தியத்துக்கென்றே இருக்கும் சார்ஜர், 14.4 வோல்ட்டில் நிதானமாக எழுப்ப வேண்டும். ஈய பாட்டரிக்கான சார்ஜர்களில் சில, 'உப்புப் படிவை நீக்குகிறேன்' என்று 15 வோல்ட்டுக்கு மேல் தட்டித் தட்டி ஏற்றும். அவற்றை இதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. மாமா இரவல் வாங்கி வந்த சார்ஜரில் அது மறுநாள் மத்தியானத்துக்குள் எழுந்து உட்கார்ந்தது. பல வாரம் வறண்டு கிடந்திருந்தால் அதுவும் நடந்திராது.

நம் ஊரின் உண்மையான விரோதி வெயில். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ந் தேதி 45 டிகிரி அடித்தது. எஞ்சினுக்குப் பக்கத்திலோ கேட்கவே வேண்டாம். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் பாட்டரிக்கு வயதாகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஒரு கணக்கு. ஈயத்துக்கும் அதே கதிதான். ஆகையால் பாட்டரி எஞ்சினை ஒட்டி இருக்கிற வண்டிக்கு இவ்வளவு விலை கொடுத்து லித்தியம் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. முன் பெட்டியிலோ பின் பெட்டியிலோ தனியாக இருந்தால் யோசிக்கலாம். பெட்டியைச் சாவி போட்டுத் திறக்க முடியுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரப் பூட்டாக மட்டும் இருந்தால், பாட்டரி செத்த அன்று பாட்டரியைப் பார்க்கவே முடியாது!

"தீப்பிடிக்குமாமே?" என்றாள் சித்தி. கார் கிளப்புவதற்கு விற்பவை பெரும்பாலும் லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த ரகம். அதில் பிராணவாயு பாஸ்பரஸுடன் கெட்டியாகப் பிணைந்திருப்பதால், கோபால்ட் ரகத்தைப் போல் சுலபத்தில் கொதித்தெழாது. வாங்கும்போது எந்த ரகம் என்று கேளுங்கள். உப்பினாலும், நெடி அடித்தாலும், வெள்ளத்தில் மூழ்கி எழுந்தாலும் வீட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

இந்த ரகத்தின் பூர்வ கதையில் நமக்கும் பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சித்தி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் குடெனஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானியுடன் சேர்ந்து, மலிவான இரும்பைக் கொண்டே நல்ல வோல்ட்டேஜ் பெறும் வழியைக் காட்டினார். அந்தத் தடத்தில்தான் 1990-களில் குடெனஃபின் டெக்ஸாஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து பாஸ்பேட் வந்தது. 2019-ல் குடெனஃபுக்கு இரண்டு பேருடன் பகிர்ந்து நோபல் பரிசு, வயதோ 97! ஸ்டாக்ஹோமில் அவருக்குப் பதிலாக மேடையேறி நோபல் சொற்பொழிவு ஆற்றியவர் நம் மந்திரம்தான். இதைச் சொன்னதும் சித்திக்குப் பாட்டரியின் மேல் இருந்த கோபம் பாதி தணிந்துவிட்டது.

ஒரு நஷ்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஈய பாட்டரிக்குக் கடையில் எடை போட்டுக் காசு தருவார்கள். லித்தியத்துக்கு அந்த மவுசு இல்லை. அதற்காகப் பழைய பேப்பர்க்காரரிடம் தள்ளிவிடாதீர்கள். 2022-ல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவரைச் சேர்ந்தது. வாங்கும்போதே, 'செத்தால் எங்கே கொடுப்பது?' என்று கேட்டு பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு மாமா இரண்டு வழி சொன்னார். வாரம் ஒரு தரம் அரை மணியாவது வண்டியை நன்றாக ஓட்டு. ஊருக்குப் போனால் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போ. கழற்றிவிட்டால் லித்தியம் மாதக்கணக்கில் சமர்த்தாக இருக்கும். கடிகாரம் நேரம் தப்பும், அவ்வளவுதான். எஞ்சின் ஓடும்போது மட்டும் கழற்றவே கூடாது.

தம்பி மறந்துவிடுவான் என்று சித்திக்குத் தெரியாதா? 10-ம் நம்பர் ஸ்பானர் ஒன்று இப்போது அவள் சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த தடவை அவன் பம்பாய்க்குக் கிளம்பியபோது, டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாளாம்.